அவுரி என்றால் எந்த அவுரி?

விருதுநகர் மாவட்டத்தில், அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டப்பட்ட நீர்த்தேக்கத்தின் அருகில் இருக்கிறது ஆனைக்குட்டம். அந்த ஊரிலிருந்து சிவகாசிக்குப் புறப்படும் ஒரு மாணவனிடம் அவனுடைய அப்பத்தா, "ஏலே, வரும்போது நாட்டு மருந்துக் கடையில கால் கிலோ அவுரி இலை வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். நரைத்த தலைமுடிக்குக் கருமை ஏற்றத்தான் அவர் கேட்டார். பையன் கடையில் 'அவுரி' என்று கேட்டான். கடைக்காரரும் 'அவுரி' என்றே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டில் அரைத்துப் பூசிப் பார்த்தால் முடியில் கருமை ஏறவே இல்லை!

இதில் யார் செய்தது பிழை? அப்பத்தா சரியாகத்தான் சொன்னார், பையன் சரியாகத்தான் கேட்டான், கடைக்காரரும் ஏமாற்றவில்லை. பிழை பெயரில் இருக்கிறது. அவுரி என்ற ஒரே பெயர் நம் நாட்டில் இரண்டு வெவ்வேறு செடிகளுக்கு வழங்குகிறது. இது கற்பனைக் கதைதான் என்றாலும், அந்த இரண்டு செடிகளும் உண்மையானவை. அவற்றைச் சற்று அருகில் சென்று பார்ப்போமா?

இரண்டு அவுரிகள்

முதல் அவுரி நீலச் சாயம் தரும் செடி. இதற்கு நீலி என்றும் பெயர் உண்டு. சித்த மருத்துவ நூல்கள் அவுரி என்று குறிப்பிடுவது இதைத்தான். இதன் இலையை நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் காற்றுப்படக் கலக்கினால் நீலச் சாயம் அடியில் படியும். ஜெர்மனியில் 1897-இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வரும் வரையில் உலகத்தின் நீலத் துணிகளில் பெரும்பகுதி இத்தகைய செடிகளின் சாயத்தையே நம்பியிருந்தது. அப்பத்தா கேட்டது இந்த அவுரியை.

இரண்டாவது அவுரி, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் பயிர். உழவர்கள் இதையும் அவுரி என்றே அழைக்கிறார்கள். நிலாவாரை என்றும் சொல்வதுண்டு. இதன் இலையும் காயும் உலர்த்தப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. உலகச் சந்தையில் இதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்று பெயர். இது மலமிளக்கி மருந்து. இந்த இலையில் சென்னோசைடு என்னும் பொருள்கள் இருக்கின்றன. அவை இரைப்பையிலும் சிறுகுடலிலும் மாற்றம் அடையாமல் பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்த பிறகே மருந்தின் வேலை தொடங்குகிறது. இரவில் உண்டால் காலையில் பலன் தெரிவதன் காரணம் இதுதான். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு உடலிலுள்ள நீரும் உப்புகளும் குறைந்துவிடும்.

தலையில் பூச வாங்கியதால் வந்த நட்டம் ஒரு பொட்டலத்தின் விலையோடு முடிந்தது. குடிநீர் காய்ச்சிக் குடிக்க வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

செடியாகப் பார்த்தால் இரண்டையும் எளிதில் பிரித்துவிடலாம். இரண்டுமே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் கூட்டிலைதான். நீலம் தரும் அவுரியின் கூட்டிலை, நுனியில் தனியாக ஒரு சிற்றிலையோடு முடியும். அதனால் எண்ணிப் பார்த்தால் ஒற்றைப்படை வரும். நிலாவாரையில் சிற்றிலைகள் சோடி சோடியாக அமைந்து நுனியிலும் ஒரு சோடியோடு முடியும்; எண்ணிக்கை இரட்டைப்படை. முதலாவதன் பூ சிறியது, இளஞ்சிவப்பு. காய் மெல்லிய குச்சி போன்றது. இரண்டாவதன் பூ மஞ்சள். காய் தட்டையாக அகன்றிருக்கும். ஆனால் உலர்த்தி நொறுக்கிச் சாக்கில் அடைத்துவிட்டால் பூவும் இல்லை, காயும் இல்லை; பெயர் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்தப் பெயரும் ஏமாற்றினால்?

தாவரவியலில் இந்தக் குழப்பத்திற்கு இடமில்லை. முதல் அவுரி 'இண்டிகோஃபெரா டிங்டோரியா'. இண்டிகோஃபெரா என்றால் நீலம் தருவது. டிங்டோரியா என்றால் சாயத்திற்குரியது. இரண்டாவது அவுரி 'சென்னா அலெக்சாண்ட்ரினா'. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்திலிருந்து முற்காலத்தில் ஏற்றுமதியானதால் வந்த பெயர் இது. சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் ஆவாரை இதற்கு நெருங்கிய உறவு. அதன் பெயர் 'சென்னா ஆரிகுலேட்டா'. ஆரிகுலேட்டா என்றால் காதுடையது. ஆவாரை இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற இரண்டு இலையடிச் செதில்கள் இருப்பதை நீங்களே பார்க்கலாம். ஆவாரை இலையை மருந்துச் சென்னாவோடு கலந்து விற்ற வழக்கமும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மருந்தியலார் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். எண்பது விழுக்காட்டுக் கந்தக அமிலம் பட்டால் ஆவாரை இலைத்தூள் செந்நிறமாக மாறும்.

ஒரு மரம், பல பெயர்கள்

ஒரு பெயருக்கு இரண்டு செடிகள் இருப்பது ஒருவகைத் தொல்லை. ஒரு செடிக்குப் பல பெயர்கள் இருப்பது இன்னொரு வகை.

நம் மாவட்டத்தின் கண்மாய்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் மண்டிக் கிடக்கும் முள்மரத்தை நீங்கள் சீமைக்கருவேல் என்பீர்கள். வேலிக்காத்தான் என்பவரும் உண்டு. வேலிக்கருவேல் என்பவரும் உண்டு. தெலுங்கில் அது சர்க்கார் தும்ம. இந்தியில் விலாயதி பாபுல். குஜராத்தியில் காண்டோ பாவல், அதாவது பைத்தியக்காரக் கருவேல்! அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் இது.

இதன் பெயரோடு ஒட்டிய இன்னொரு மரம் நம் நாட்டுக் கருவேல். காளைகளை அடக்கிய ஏருக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் மரம் தந்தது இந்த நாட்டுக் கருவேலே. இரண்டும் முள்மரங்கள், பெயரிலும் பாதி ஒன்று. ஆனால் பூவைப் பாருங்கள். நாட்டுக் கருவேலின் பூங்கொத்து மஞ்சள் நிறப் பஞ்சுருண்டை போலிருக்கும். காய் மணி மாலை போல இடையிடையே இறுகியிருக்கும். சீமைக்கருவேலின் பூங்கொத்து, தொங்கும் நீண்ட கதிர்; காய் இறுக்கமின்றி நீண்டிருக்கும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் சீமைக்கருவேல் மரங்களை அகற்றுமாறு உத்தரவிட்டது. ஓர் ஆணையில் வெறும் 'கருவேல்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த மரத்தின் மீது அரிவாள் விழும்? பெயரின் முன்னே நிற்கும் 'சீமை' என்ற இரண்டெழுத்து ஒரு மரத்தைக் காக்கிறது, மற்றொன்றைச் சாய்க்கிறது.

பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்தது

பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு துயரமான சான்று ஐரோப்பாவில் இருக்கிறது.

பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் உடல் எடையைக் குறைக்கும் மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கு கொடுத்துவந்த மாத்திரைகளில் 1990-ஆம் ஆண்டு முதல் சீன மூலிகைகளையும் சேர்க்கத் தொடங்கினார்கள். அவற்றுள் ஒன்று ஃபாங் ஜி. சிறிது காலத்திற்குள், அதுவரை நலமாயிருந்த பெண்கள் பலர் சிறுநீரகம் கெட்டு மருத்துவரைத் தேடி வந்தார்கள். 1993-இல் மருத்துவர்கள் இதை முதலில் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பின்னர் நூற்றைத் தாண்டியது.

நடந்தது என்ன? சீனத்தில் ஃபாங் ஜி என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு வழங்குகிறது. ஹான் ஃபாங் ஜி என்பது 'ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா'. மாத்திரையில் சேரவேண்டியது இதுதான். குவாங் ஃபாங் ஜி என்பது 'அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி'. இரண்டுக்கும் பொதுவான பெயரின் மறைவில் இரண்டாவது செடியின் வேர் மாத்திரைக்குள் நுழைந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும்; புற்றுநோயையும் உண்டாக்கும். சிறுநீரகம் செயலிழந்து, சிறுநீரகங்களும் சிறுநீர்க்குழாய்களும் அகற்றப்பட்ட 39 நோயாளிகளைப் பரிசோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

பிரஸ்ஸல்ஸ் எங்கே, ஆனைக்குட்டம் எங்கே என்று கேட்கிறீர்களா? கரிசல் காட்டு வரப்புகளில் தரையோடு படரும் ஒரு செடி உண்டு. இலை இதய வடிவம். பூ கருஞ்சிவப்பில் ஊதுகுழல் போலிருக்கும். ஆடு அதைத் தொடாது. அதனால் அதற்கு ஆடுதின்னாப்பாளை என்று பெயர். நாட்டு மருத்துவத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. இதன் தாவரவியல் பெயர் 'அரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டா'. மலைப்பாங்கான இடங்களில் ஏறிப் படரும் ஈசுவரமூலியின் பெயர் 'அரிஸ்டோலோக்கியா இண்டிகா'.

முதற்சொல்லைக் கவனித்தீர்களா? ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி, குவாங் ஃபாங் ஜி என்ற பெயர்களைக் கேட்டால் இம்மூன்றும் உறவு என்று யாருக்கும் தோன்றாது. அரிஸ்டோலோக்கியா என்ற ஒரு சொல் அந்த உறவைச் சொல்லிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002-இல், அரிஸ்டோலோக்கியா இனச் செடிகள் கலந்த மூலிகை மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று அறிவித்தது. அந்த எச்சரிக்கை நம் வரப்புச் செடிக்கும் பொருந்தும் என்பதைத் தாவரவியல் பெயர் தெரிந்தவர் உடனே அறிந்துகொள்வார்.

ஆட்டின் நடத்தையைக் கண்டு நம் முன்னோர் வைத்த பெயரிலும் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்!

இரண்டு சொற்களில் ஒரு பெயர்

இந்தத் தாவரவியல் பெயர்கள் எப்படி வந்தன?

முற்கால ஐரோப்பிய அறிஞர்கள் செடியின் அடையாளங்களை எல்லாம் அடுக்கி, ஒரு வாக்கிய நீளத்திற்கு இலத்தீனில் பெயர் வைத்தார்கள். புதிதாக ஒரு செடி கிடைத்தால், அதிலிருந்து பிரித்துக் காட்டப் பழைய செடியின் பெயரில் இன்னும் இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். பெயர் நீண்டுகொண்டே போயிற்று. சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'ஸ்பீசீஸ் பிளான்டாரம்' என்ற நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொற்களில் பெயர் கொடுத்தார். இதுவே இருசொற் பெயரிடு முறை.

முதற்சொல் பேரினத்தின் பெயர். இரண்டாம் சொல் சிற்றினத்தைக் குறிப்பது. உங்கள் வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? மாரிமுத்து மகன் முருகன், கருப்பசாமி மகன் முருகன் என்று தலைப்பெழுத்தைச் சேர்த்து அழைப்பார் அல்லவா? ஏறக்குறைய அதே முறைதான் இது. குடும்பத்தைச் சுட்ட ஒரு சொல், ஆளைச் சுட்ட ஒரு சொல்.

லின்னேயஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததில்லை. ஆனால் அவருடைய மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, நம் நாட்டுச் செடிகளைச் சேகரித்தார். லின்னேயஸின் நூலிலும் நம் மண் இடம்பெற்றிருக்கிறது. மேலாநெல்லிக்கு அவர் இட்ட பெயர் 'ஃபில்லாந்தஸ் மதராஸ்பதென்சிஸ்'. மதராசபட்டினத்தைச் சேர்ந்தது என்பது பொருள். நகரத்தின் பெயர் சென்னை என்று மாறிவிட்டது. செடியின் பெயரில் பழைய பட்டினம் இன்னும் வாழ்கிறது!

பெயரைக் கட்டிக் காப்பது எப்படி?

இரண்டு சொற்கள் வைத்தால் மட்டும் போதுமா? அந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று நாளை ஐயம் எழுந்தால்?

அதற்காகவே ஒவ்வொரு சிற்றினத்தின் பெயரும் ஒரு மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது உலர்த்தித் தாளில் ஒட்டிய செடி. கடைக்காரரின் படிக்கல் சரியா என்று பார்க்க முத்திரையிட்ட படிக்கல் இருப்பது போல, பெயர் சரியா என்று பார்க்க இந்த மூல மாதிரி இருக்கிறது. இத்தகைய உலர்செடிகளைப் பாதுகாக்கும் இடம் உலர்தாவர நிலையம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் நிலையமும், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தொடங்கிய இராபினாட் நிலையமும் தமிழ்நாட்டில் பெயர் பெற்றவை.

பெயரிடுவதற்குப் பன்னாட்டு விதித்தொகுப்பும் உண்டு. ஒரே செடிக்கு இருவர் இரண்டு பெயர் வைத்திருந்தால், பொதுவாக முதலில் வெளியான பெயரே செல்லும். பன்னாட்டுத் தாவரவியல் மாநாடுகளில் விஞ்ஞானிகள் கூடி, வாக்கெடுத்து இவ்விதிகளைத் திருத்துகிறார்கள். 2024-இல் மாட்ரிட் நகரில் அத்தகைய மாநாடு நடைபெற்றது.

தாவரவியல் பெயரும் மாறுமா?

மாறும். இங்கேதான் மாணவர்கள் பலர் சலித்துக்கொள்கிறார்கள். கருவேலை லின்னேயஸ் 'மிமோசா நிலோடிகா' என்றார். பின்னர் அது 'அக்கேசியா நிலோடிகா' ஆயிற்று. அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டு, அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்கு என்று 2005-இல் வியன்னா மாநாட்டில் முடிவானபின், கருவேல் 'வாக்கெல்லியா நிலோடிகா' ஆகியிருக்கிறது. 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' என்று நாம் படித்த சீமைக்கருவேலை 2022-இல் வெளியான ஆராய்ச்சி 'நெல்டூமா ஜூலிஃப்ளோரா' என்கிறது.

ஆனால் கவனியுங்கள். மாறியது முதற்சொல், நிலோடிகாவும் ஜூலிஃப்ளோராவும் அப்படியே இருக்கின்றன. 'அ' பிரிவிலிருந்து 'ஆ' பிரிவுக்கு மாற்றினாலும் மாணவனின் பெயர் மாறாதது போல! மாற்றத்திற்குக் காரணம் உண்டு. மாற்றியவர் யார், எந்த ஆண்டில் என்ற பதிவும் உண்டு. பழைய பெயரிலிருந்து புதிய பெயருக்கு வழி தவறாமல் வந்து சேரலாம்.

தாவரவியல் பெயரைத் தவறாக வழங்குவதும் நேர்ந்திருக்கிறது. நம் கீழாநெல்லியை இந்திய நூல்கள் பல நீண்ட காலம் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதிவந்தன. அது அமெரிக்கச் செடியின் பெயர். நம் செடி 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்'. மூல மாதிரியோடு ஒப்பிட்டதால் பிழை தெரிந்தது. தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லிச் சரக்கை வாங்கி மரபணு முறையில் ஆராய்ந்தவர்கள் 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். 76 விழுக்காட்டில் பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸே இருந்தது. மற்றவற்றில் அதே பேரினத்தின் வேறு ஐந்து சிற்றினங்கள் காணப்பட்டன. நம் மேலாநெல்லியும் அவற்றுள் ஒன்று!

பெயரின் பொருளை அப்படியே நம்பவும் கூடாது. புளியின் பெயர் 'டாமரிண்டஸ் இண்டிகா'. இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து வந்த சொல் அது. ஆனால் புளியின் தாயகம் ஆப்பிரிக்கா. தாவரவியல் பெயர் ஓர் அடையாளச் சீட்டு. வரலாற்றுச் சான்றிதழ் அன்று.

அப்படியானால் ஊர்ப் பெயர் வேண்டாமா?

வேண்டாம் என்று யார் சொன்னது? தாவரவியல் பெயர் உலகத்தோடு பேச உதவுகிறது; ஊர்ப் பெயர் ஊரோடு பேச உதவுகிறது. வயலில் நிற்கும் உழவரிடம் 'சென்னா அலெக்சாண்ட்ரினா என்ன விலை?' என்று கேட்டால் பதில் வராது.

ஊர்ப் பெயருக்குள் அறிவு பொதிந்திருக்கிறது. கீழாநெல்லி என்ற பெயர், இலைக்குக் கீழே நெல்லி போன்ற சிறு காய் இருப்பதைச் சொல்கிறது. 'சீமை' என்ற அடைமொழி, மரம் கடல் கடந்து வந்ததைச் சொல்கிறது. சிவகாசி வட்டாரத்தார் நன்கறிந்த தீக்குச்சி மரம் என்ற பெயர் அதன் பயனைச் சொல்கிறது. அதன் தாவரவியல் பெயரான 'அய்லாந்தஸ் எக்செல்சா' உயரத்தை மட்டுமே சொல்கிறது. தீப்பெட்டியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது! ஒரு ஊர்ப் பெயர் வழக்கொழிந்தால் அதனுள் இருந்த செய்தியும் சேர்ந்து மறைகிறது.

ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றை விரட்ட வேண்டாம். இரண்டையும் சேர்த்து எழுதுவதே முறை. மருந்துப் பொட்டலத்தின் மேல் 'அவுரி' என்று மட்டும் எழுதாமல், 'அவுரி, இண்டிகோஃபெரா டிங்டோரியா' என்று எழுதியிருந்தால் அப்பத்தாவின் தலைமுடி கறுத்திருக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

அடுத்த விடுமுறையில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குச் செல்லுங்கள். பூவும் காயும் உள்ள பத்துச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கிளையை மட்டும் எடுங்கள். செய்தித்தாள்களுக்கு இடையே வைத்துக் கனமான பலகையால் அழுத்துங்கள். தாளை நாள்தோறும் மாற்றினால் பூசணம் பிடிக்காது. நன்கு உலர்ந்தபின், ஏறக்குறைய 42 செ.மீ. நீளமும் 29 செ.மீ. அகலமும் உள்ள தடித்த தாளில் ஒட்டுங்கள்.

தாளின் வலப்பக்க மூலையில் ஒரு சீட்டு ஒட்டி, ஊர்ப் பெயர், அதைச் சொன்னவரின் ஊர், செடி கிடைத்த இடம், மண்ணின் வகை, நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே செடியை மூன்று பெரியவர்களிடம் தனித்தனியே காட்டிப் பெயர் கேளுங்கள். ஆடு மேய்ப்பவர், உழவர், மருந்துக் கடைக்காரர் ஆகிய மூவரும் ஒரே பெயரைச் சொல்கிறார்களா? வேறுபட்டால் மூன்றையும் எழுதுங்கள். தாவரவியல் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு, உங்கள் ஆசிரியரிடமோ கல்லூரித் தாவரவியல் துறையிலோ காட்டி நிரப்புங்கள். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை ஓர் ஊகமாக மட்டும் கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பெயர் உறுதியாகாத எந்தச் செடியையும் வாயில் வைக்காதீர்கள்.

பிறகு உங்கள் தாள்களில் அவுரி என்று எழுதிய தாளை எடுங்கள். கூட்டிலையின் நுனியில் தனிச் சிற்றிலை இருக்கிறதா, சோடி இருக்கிறதா? எண்ணிப் பார்த்தால், அது எந்த அவுரி என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.